கருவி தெரிதல்

திருவள்ளுவர் பொருட்பாலில் அரசனுக்குரிய கடமைகளைக் கூறி வருங்கால், 'தெரிந்து செயல்வகை' தொடங்கித் 'தெரிந்து வினையாடல்' ஈறாக ஆறு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். வினையை ஆராய்தல், வலி அறிதல், காலம் அறிதல், இடம் அறிதல், வினைக்கு உரியாரைத் தேர்ந்து தெளிதல், தெளிந்தபின் அவரை வினையில் வைத்து ஆளுதல் என்று அம்முறை ஒழுங்காகச் செல்கிறது. இவற்றுள் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாடல்கள் இரண்டும் இன்று மீண்டும் எண்ணிப் பார்த்தற்கு உரியன. ஆராயாமல் எவரையும் நம்பற்க. ஆராய்ந்து நம்பியபின்னும் அவர்க்குத் தகுந்த பொருளில் மட்டுமே நம்புக என்பது ஒன்று. ஆராயாது நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது மற்றொன்று.

மக்களைக் குறித்துக் கூறிய இவ்விலக்கணம், இக்காலத்தில் ஒருவர் தம் கைப்பேசியிலும் கணினியிலும் வைத்து ஆளும் செயலிகளுக்கும் பொருந்துவதாகும். முன்னர் எழுத்தர் செய்த பணியை இன்று சொற்செயலி செய்கிறது. தூதர் செய்த பணியைப் புலனம் முதலிய செய்திச் செயலிகள் செய்கின்றன. கணக்கர் பணியைப் பணச் செயலியும், நாள் பார்த்துச் சொல்வார் பணியை நாட்காட்டிச் செயலியும் ஏற்றுள்ளன. வினை மாறவில்லை, வினை செய்வோரே மாறியுள்ளனர். ஆயினும் ஓர் எழுத்தரை அமர்த்துமுன் பலமுறை எண்ணிய மக்கள், ஒரு செயலியை அமர்த்தும்போது ஒருமுறையும் எண்ணுவதில்லை. பக்கத்து வகுப்பாசிரியர் வைத்திருக்கிறார், விலையில்லாமல் கிடைக்கிறது என்னும் இரண்டு காரணங்களே பெரும்பாலும் போதியனவாகக் கொள்ளப்படுகின்றன.

ஜொகூர் மாநிலத்துத் தமிழாசிரியர் வாழ்க்கை இவ்வாராய்ச்சிக்கு நல்ல களமாகும். அம்மாநிலத்தில் எழுபதை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் முதலிய நகர்ப்புறங்களிலும், குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களின் தோட்டப்புறங்களிலும் அவை பரவியுள்ளன. பெற்றோருள் பலர் நாள்தோறும் விடியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். ஆசிரியர் பயிற்சித்தாள் எழுத வேண்டும். அதனை உடனாசிரியர்க்கு அனுப்ப வேண்டும். அக்கரையில் பணிபுரியும் தந்தைக்குச் செய்தி சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்தாள அனைத்தையும் சேர்த்துவைக்க வேண்டும். எழுதுதல், அனுப்புதல், வைத்தல் என்னும் இம்மூன்று வினைகளும் ஒன்றல்ல. ஒன்றுக்குத் தகுந்த கருவி மற்றொன்றுக்குத் தகாததாக இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை மறத்தலே இத்துறையில் நிகழும் பிழைகளுக்கெல்லாம் வேராகும்.

எழுதுங் கருவி

தமிழில் எழுதுங் கருவியின் வரலாறு அண்மையது. ஆயினும் கற்பிப்பது மிகுதி. 1980-களிலும் 1990-களிலும் கணினிக்கு வந்த தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் அமைந்தன. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்துதலே அக்காலத்து முறை. ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து இருந்தது. ஆதலின், ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே கண்ணுக்குத் தோன்றும். தமிழ் கண்ணுக்கு இருந்தது; கணினியின் நினைவில் இல்லை.

இக்குறையை நீக்க முற்பட்டோருள் மலேசியாவும் சிங்கப்பூரும் தந்த அறிஞர்க்குத் தனியிடம் உண்டு. 1995-ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் வெளிவந்தபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. 1997-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கும் அவர் முயற்சியே முதன்மையான காரணம். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. 2005-ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்ற 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியை இயல்வதாக்கியது. அவர் அமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலும் இடம்பெற்றது.

இவற்றுக்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி, 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. ஒதுக்கீட்டு முறையில் தமிழறிஞர்க்கு மனக்குறை உண்டு. உயிர்மெய்கள் தனித்தனி இடம் பெறவில்லை என்னும் வாதம் இன்றும் கேட்கப்படுகிறது. எனினும் பொதுமை என்னும் ஒரு குணத்தால் அதுவே நிலைபெற்றது. தமிழ்நாட்டரசும் 2010-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. இன்று ஜொகூரில் எழுதிய வரியை யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் எந்தக் கருவியிலும் படிக்க இயல்வது இப்பொதுமையாலேயே ஆகும்.

இவ்வரலாற்றால் பெறப்படும் தீர்ப்பு யாது? பழைய எழுத்துருக்கள் தீயன அல்ல. அவற்றுள் சில இன்றைய எழுத்துருக்களினும் அழகுடையன. அவற்றில் எழுதியது அவற்றைவிட்டு வெளியே வர இயலாமையே அவற்றின் குறை. இன்றும் பழக்கத்தால் பழைய எழுத்துருவில் வினாத்தாள் ஆக்குவோர் உளர். அச்சிட்ட தாள் அழகாகவே இருக்கும். ஆனால் அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடினால் கணினி காணாது. ஒரு பத்தியை எடுத்துச் செய்தியில் ஒட்டினால் தமிழ் சிதையும். கண்பார்வை இல்லாத மாணவனுக்குத் திரைபடிப்பான் அதனைத் தமிழாகப் படிக்காது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் எழுதியது என்பது நினைவிலிருக்கும்போதே அவ்வேலையை முடித்துவிடுதல் நன்று.

விசைப்பலகை வழக்கு

எழுத்துரு வழக்கு ஒருவாறு தீர்ந்தது. விசைப்பலகை வழக்கு தீரவில்லை. ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் பெறும் முறையும், தமிழ்99 முறையும் இன்று எதிரெதிர் நிற்கின்றன. 2013-ஆம் ஆண்டில் ஆப்பிள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை சேர்ந்தபோது 'அஞ்சல்', 'தமிழ்99' ஆகிய இரண்டும் அதனுள் அமைந்தன. விண்டோசு கணினியிலும் 2019-ஆம் ஆண்டு தமிழ்99 சேர்க்கப்பெற்றது. ஆதலின் கருவி இல்லை என்னும் காரணத்தை இனி எவரும் கூற இயலாது. எதனைத் தெரிவது என்பதே வினா.

நடுவுநிலை நின்று நோக்கின், ஒலிப்பு முறைக்கும் ஓர் இலக்கணப் பொருத்தம் உண்டு. மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் தட்ட உயிர்மெய் பிறக்கிறது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்னும் இலக்கணக் கொள்கைக்கு இஃது இயைந்ததே. தமிழ்99 முறையோ எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றுகிறது. இடப்புறம் உயிர்கள்; வலப்புறம் அகரமேறிய மெய்கள்; புள்ளி தனியே ஒரு விசையால் வரும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்து தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரமும், ஞகரத்தை அடுத்துச் சகரமும் வரும்போதும் அவ்வாறே. 'பக்கம்' என்பதற்கும் 'தங்கம்' என்பதற்கும் ஐந்து தட்டுகளே போதும். இன எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வமைப்பு ஒரு பாடமாகவே அமையத்தக்கது.

ஆயினும் வேறுபாடு விரைவில் இல்லை. எழுத்துப் பிழையில் உள்ளது. ஒலிப்பு முறையில் லகரத்துக்கும் ளகரத்துக்கும், னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆங்கிலத்தின் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடாக மாறுகிறது. நாவின் முயற்சியாலும் பொருளாலும் அறிய வேண்டிய ஒன்று, பிறமொழி எழுத்தின் அளவாக அறியப்படுகிறது. இதனினும் மிகுந்த இடர் தருவது, அண்மையில் பரவியுள்ள ஊகித்தெழுதும் முறை. அதில் ஆங்கில எழுத்தில் தோராயமாகத் தட்டினால், கருவியே சில தமிழ்ச் சொற்களைக் காட்டும். எழுதுபவர் ஒன்றைத் தொட்டு மேற்செல்வார். வலி, வழி, வளி என்னும் மூன்றுக்கும் ஒரே தட்டு. பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே தட்டு. எது வேண்டும் என்று முடிவு செய்வது முன்னர் எழுதுவோன் அறிவாக இருந்தது. இப்போது கருவியின் ஊகமாகி, எழுதுவோன் அதற்கு இசைவு தருபவனாக மட்டும் நிற்கிறான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு உழைத்து ஆசிரியர் ஊட்டும் லகர ழகர ளகர வேறுபாட்டை, ஆசிரியரே பரிந்துரைத்த செயலி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைக்குமாயின், அச்செயலி எவ்வளவு விரைவுடையதாயினும் பள்ளிக்கு ஆகாது.

இதனால் ஊகித்தெழுதும் முறையும், பேச்சை எழுத்தாக்கும் முறையும் முற்றும் விலக்கத்தக்கன என்பதன்று. விசையைத் தேடித் தட்ட இயலாத முதியவர் தம் பேரனுக்குத் தமிழில் ஒரு வரி அனுப்ப அவை உதவுமாயின், அது பெருநன்மையே. எழுத்தறிந்து முடித்தவர்க்கு அவை ஊன்றுகோல். எழுத்தைக் கற்கும் சிறுவர்க்கு அவை கால் வலுப்பெறுவதைத் தடுப்பன. ஒரே கருவி ஒருவர்க்குத் தக்கதாய் மற்றொருவர்க்குத் தகாததாவது இவ்வாறே. மாணவர்க்குத் தமிழ்99 முறையைக் கற்பித்தலே தமிழாசிரியர் செய்யத்தக்க தெரிவு எனலாம்.

விசைப்பலகைச் செயலியில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், கடவுச்சொல்லும் கணக்கு எண்ணும் உட்பட, அதன் வழியாகவே செல்கின்றது. கைப்பேசியுடன் வந்த விசைப்பலகையோ, செய்தவர் இன்னார் என்று விளங்கத் தெரிந்த விசைப்பலகையோ இருக்கும்போது, வண்ணப் படங்களுக்காகப் பெயரறியாத ஒன்றை அமர்த்துதல், முன்பின் அறியாதவனை அரண்மனை வாயில் காப்போனாக வைப்பதை ஒக்கும்.

தூதும் வைப்பும்

அனுப்புதற்கு உரிய செயலியைப் பற்றி ஆராயப் புகின், புலனம் என ஆசிரியர் வழங்கும் வாட்ஸ்அப்பே முதலில் நிற்கும். அதனைக் குறைகூறுதல் எளிது. ஆனால் தூதின் சிறப்பு, சேர வேண்டியவரிடம் சேர்தலில் உள்ளது. அக்கரையில் வேலை இடைவேளையில் கைப்பேசியைப் பார்க்கும் தந்தை எதனைத் திறக்கிறாரோ, அதுவே ஆசிரியர்க்குரிய தூது. சிறந்த வேறொரு செயலியைத் தேடி அமர்த்தி, அதில் பெற்றோர் எவரும் இல்லையெனின் அத்தெரிவு வீண். அனுப்புதலில் ஊரோடு ஒத்துப்போதலே அறிவுடைமை.

வைத்தலோ வேறு. புலனத்தில் வந்த கோப்பு, பெற்றவருடைய கைப்பேசியில் இருப்பதன்றி, வேண்டும்போது எடுக்கத்தக்க நிலையான களஞ்சியத்தில் இருப்பதில்லை. கைப்பேசி பழுதானால், காப்புப்படி இல்லாதவிடத்து அதனுடன் அதுவும் போகும். டெலிகிராம் அவ்வாறன்று, அங்குக் கோப்பு நிறுவனத்தின் கணினிகளில் வைக்கப்படுவதால், ஆசிரியர் பலர் பயிற்சித்தாள்களைச் சேர்க்கும் இடமாக அதனைக் கொண்டுள்ளனர். தூதுவன் வீட்டிலேயே களஞ்சியம் அமைத்தது போன்றது இது. வசதி உண்டு, ஆயினும் வீடு தூதுவனுடையது.

பிறர் வீட்டில் வைத்த பொருளுக்கு நேர்வது யாது என்பதற்கு அயலில் தேட வேண்டியதில்லை. மலேசியப் பள்ளிகளுக்கு 2010-களில் 'ஃபுரோக்' என்னும் இணையக் கற்றல் தளம் வழங்கப்பெற்றது. ஆசிரியர்கள் அதில் பாடங்களை அமைத்தனர். அத்திட்டம் 2019-ஆம் ஆண்டு முடிவுற்றது. கல்வி அமைச்சு கூகுள் வகுப்பறையை நோக்கித் திரும்பியது. 2020-ஆம் ஆண்டு 'டெலிமா' தளம் தொடங்கிற்று. அரசின் தெரிவு காலத்தால் மாறுதல் இயல்பே, அது குற்றமன்று. ஆனால் பாடத்தின் மூலப்படியைத் தம் கணினியில் வைத்திருந்த ஆசிரியர் அதனைப் புதிய தளத்தில் ஏற்றினார். தளத்திலேயே எழுதித் தளத்திலேயே விட்டவர் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியவரானார்.

யாகூ நிறுவனத்தின் மின்னஞ்சல் குழுக்களும் இத்தகையவே. சுங்கை பட்டாணியில் வாழ்ந்த டாக்டர் ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' குழு போன்றவற்றில் தமிழிலக்கியம், சமயம், வரலாறு பற்றிய மடல்கள் ஆண்டுக்கணக்கில் குவிந்தன. நிறுவனம் 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. படியெடுத்து வைத்தோரிடம் இருந்தவையே எஞ்சின.

இவற்றுக்கு மறுதலையாக நிற்பது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டனர். தொடக்க நூல்கள் அக்காலத்துக் குறியீட்டு முறைகளில் இருந்தன. ஒருங்குறி வேரூன்றிய பின்னர் அவை அதற்கு மாற்றப்பெற்றன. யாரும் இறக்கிக்கொள்ளலாம், படியெடுக்கலாம் என்னும் நெறியால் அவை ஓரிடத்தில் மட்டும் இல்லை. இன்று அத்தளமே நின்றாலும் நூல்கள் நில்லா.

நாளும் பொருளும்

பள்ளிக்குப் புறத்தேயுள்ள இல்வாழ்விலும் இவ்வளவுகோலே செல்லும். ஜொகூர் மாநிலம் 2014-ஆம் ஆண்டு தொடக்கம் 2024 முடிய வெள்ளி, சனி ஆகிய நாள்களை வார விடுமுறையாகக் கொண்டிருந்தது. 2025 சனவரி முதல் நாளிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அப்பதினோராண்டும் சிங்கப்பூரில் பணிபுரிந்த தந்தைக்கு ஞாயிறு ஓய்வு. ஜொகூர்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது பள்ளிநாள். தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் அன்று. இத்தகைய குடும்பத்துக்கு அழகான நாட்காட்டிச் செயலியால் பயனில்லை. வாரத்தின் தொடக்கத்தை மாற்றவும், இரு நாட்டு விடுமுறைகளையும் அருகருகே காட்டவும், வேறொன்றுக்கு மாறும்போது குறிப்புகளை ஒருசேர எடுத்துச் செல்லவும் இடம் தருவதே பயன்படும்.

பஞ்சாங்கச் செயலிகளின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவற்றுள் பல சென்னையை இடமாகக் கொண்டு கணிப்பவை. மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முற்பட்டது. சென்னையில் இரவு பத்து மணிக்கு முடியும் திதி ஜொகூர் பாருவில் நள்ளிரவு கடந்து மறுநாளில் முடியும். மேலும், இராகு காலம் ஞாயிற்றின் தோற்றத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்னும் வழக்கு, ஆறு மணிக்குக் கதிர் எழும் ஊர்க்கு உரியது. ஜொகூர் பாருவிலோ கதிர் எழ ஏழு மணி அளவாகும். நம்பிக்கை உடையார் இல்லார் என்பது வேறு. பார்ப்பதாயின் தம் ஊர்க்குரியதைப் பார்க்க வேண்டுமன்றோ? 'இடனறிதல்' என்று தனி அதிகாரம் வகுத்ததன் கருத்தும் இதுவே.

பணச் செயலியில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2023 நவம்பரில் மலேசியாவின் 'டூயிட்நவ்' முறையும் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இணைக்கப்பெற்றன. அதன்பின், இணைப்பில் சேர்ந்த வங்கிகளின் வாடிக்கையாளர், தாம் முன்னரே ஆண்டுவந்த செயலியிலிருந்தே கடற்பாலத்தின் மறுபுறத்துக்குப் பணம் அனுப்ப இயன்றது. பொது நெறி ஒன்று அமையுமாயின் இருபுறத்தாரும் தத்தம் கருவியிலேயே இருக்கலாம். எவரும் எவர்க்கும் அடிமைப்பட வேண்டுவதில்லை. ஒருங்குறி எழுத்துக்குச் செய்ததை இவ்விணைப்பு பணத்துக்குச் செய்தது.

குற்றங்கள் மூன்று

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளார். அவற்றுள் மூன்று செயலிகளுக்கும் பொருந்துகின்றன. ஒன்று, மிகைபடக் கூறல். குறிப்பெழுதுவதற்கென வந்த செயலி, படமும் பேச்சும் கடையும் விளையாட்டும் சேர்த்துக்கொண்டு, குறிப்பெழுதும் இடத்தை மூலைக்குத் தள்ளுவது இவ்வகை. மற்றொன்று, சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் அனைத்தும் இலவசம் என்று அழைத்து, ஆண்டு செல்லச் செல்ல ஒவ்வொன்றாகப் பூட்டி, இறுதியில் மறைந்துபோவது இவ்வகை. மூன்றாவது, நின்று பயனின்மை. கைப்பேசியில் இடம் அடைத்து நின்று, திறக்கப்படாமலே இருக்கும் செயலிகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு இக்குற்றம் விளங்கும்.

ஈண்டு ஒரு தடை எழும். 'ஆசிரியர்க்குள்ள பணிச்சுமையில் இத்துணை ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? பலரும் ஆள்வதை ஆளுதலே எளிதன்றோ?' என்பர். இத்தடை பொருளற்றதன்று. ஆனால் ஆராயாததால் இழக்கும் நேரமே மிகுதி. ஐந்தாண்டு சேர்த்த பயிற்சித்தாள்களை மீண்டும் தட்டச்சிடும் ஆசிரியர், ஒரு மாலைப்பொழுதைச் சோதனைக்குச் செலவிட்டிருப்பின் அத்தொல்லை இல்லை. மேலும், வள்ளுவர் கூறும் இரண்டாவது தவறும் இதனால் நீங்கும். ஒருமுறை ஆராய்ந்து தெளிந்தவர், புதியது ஒவ்வொன்றும் வருந்தோறும் ஐயுற்று மாறவேண்டுவதில்லை. அடிக்கடி கருவி மாற்றுவோர் கருவியைக் கற்பதிலேயே காலம் கழிப்பர்; கருவியால் செய்யும் வினையில் தேர்ச்சி பெறார்.

சோதனையும் எளிது. ஒரு தாளில் லகர ழகர ளகரமும், நகர னகர ணகரமும், ரகர றகரமும், ஆய்தமும் ஔகாரமும் வரும் பத்து வரிகளை எழுதுக. அதனை மற்றொருவர் கைப்பேசியிலும், வேறு வகைக் கணினியிலும் திறந்து காண்க. அதிலுள்ள ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க. பின்னர், செயலியிலுள்ள அனைத்தையும் ஒருங்கே வெளியே எடுக்கும் வழி உண்டா எனக் காண்க. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் திறக்க. தொடர்பு நலிந்த தோட்டப்புறப் பள்ளிக்கு இச்சோதனை இன்றியமையாதது. அச்சுவடிவக் கோப்பை மட்டும் வைத்தல் போதாது என்பதும் அப்போது விளங்கும். அதிலிருந்து தமிழைப் படியெடுத்தால் எழுத்துகள் பல இடங்களில் சிதறக் காணலாம். படமாக எடுத்த தாளும் அத்தகையதே. மூலக் கோப்பே முதல். ஏனையவை அதன் நிழல்.

ஏட்டுச் சுவடிக் காலத்துச் செய்தியொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். அவர்க்குக் கிடைத்த ஏடுகள் நூலாசிரியர் கைப்பட எழுதியன அல்ல; தலைமுறைதோறும் யாரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்தவை. ஓலை அழியும் என்பதை அறிந்தே அவர்கள் படியெடுத்தனர். படியெடுக்கப்படாத நூல்களின் பெயர்களையே இன்று உரைகளில் காண்கிறோம். செயலியும் ஓலையைப் போல அழியக் கூடியதே; அதன் வாழ்நாள் ஓலையினும் குறுகியது. எனவே செயலியைத் தெரிவோர் முதலில் வினவ வேண்டியது, இது எவ்வளவு செய்யும் என்பதன்று; இதில் எழுதியதை இதனை விட்டுப் படியெடுத்துச் செல்ல இயலுமா என்பதே.

அனுப்புதற்கு ஊர் ஆளும் செயலி. எழுதுதற்கு ஒருங்குறித் தமிழும், மாணவர்க்குத் தமிழ்99 விசைப்பலகையும். வைத்தற்குத் தம் கணினியில் ஒரு படி, அதற்குப் புறத்தே மற்றொரு படி. இவ்வளவே ஒரு தமிழாசிரியர்க்கு வேண்டுவது. அடுத்த பள்ளி விடுமுறையில் ஓர் ஆசிரியர் தம் பழைய கோப்புகளைத் திறந்து, பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, புலனத்தில் சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்து வைப்பாராயின், அவர் பின்வரும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சுவடி விட்டுச் சென்றவர் ஆவர்.